ஸ்பேனர் எடுக்கும் முன் ஒரு வரி

பட்டறைகளிலும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வகுப்புகளிலும் இருக்கும் ஃபிட்டர், வெல்டர், மெக்கானிக் தம்பி தங்கைகளுக்கு,

முப்பது வருடத்துக்கு மேல் ஆலைகளில் பராமரிப்பு வேலை பார்த்தவன் எழுதுகிறேன். இரண்டு பொருளை ஒன்றாகச் சேர்ப்பதுதான் நம் தொழிலில் பாதி. நட்டு போல்ட், ரிவெட், வெல்டிங், பற்றாசு, பசை என்று பெயர்தான் மாறுகிறது. அந்த வேலையைப் பற்றி எனக்குத் தாமதமாகப் புரிந்த ஒன்றை உங்களுக்குச் சீக்கிரமே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், நான் இருந்த ஆலையில் ஒரு புளோயர் மோட்டார். அதன் பேஸ் போல்ட் நான்கும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லூஸ் ஆகிவிடும். முதலில் நீளமான ஸ்பேனர் போட்டு இன்னும் பலமாக இறுக்கினேன். பிறகு ஸ்பிரிங் வாஷர் சேர்த்தேன். அதற்கும் கேட்காமல் போகவே, துளையைப் பெரிதாக்கி 12 எம்.எம். போல்ட்டை 16 ஆக்கினேன். கடைசியில் பொறுமை போய், நட்டை பேஸ் பிளேட்டோடு சேர்த்து வெல்டிங் அடித்துவிட்டேன். ஆறு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஏழாம் மாதம் இரவு ஷிப்டில் மோட்டார் பேரிங் போனது. மோட்டாரைத் தூக்க வேண்டும். நட்டு கழலவில்லை. கேஸ் கட்டிங் வைத்ததில் பேஸ் பிளேட் வளைந்தது. அதை நிமிர்த்தி, அலைன்மென்ட் பார்த்து, ஓட்ட மறுநாள் மதியம் ஆயிற்று.

அப்புறம் பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்தில் பல இடங்களில் ஒரே வாசகம்: "போல்ட் லூஸ், இறுக்கப்பட்டது." சிக்கலில் பாதியைத்தான் நான் எழுதியிருந்தேன். "பேரிங் மாற்றும் நாளில் இது பத்து நிமிடத்தில் கழல வேண்டும்" என்ற மறுபாதி எந்தப் பக்கத்திலும் இல்லை. எழுதாத பாதிக்கு நான் பதில் தேடவும் இல்லை.

இரண்டு பாதியையும் ஒரே வரியில் எழுதச் சொல்லும் ஒரு முறை இருப்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரஷ்ய மொழிப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து அதை ட்ரீஸ் என்கிறார்கள். புதுமை தேவைப்படும் சிக்கல்களைத் தீர்க்கும் கோட்பாடு என்று பொருள். அதை உருவாக்கிய கென்ரிக் அல்ட்ஷுல்லர் 1926ல் தாஷ்கண்டில் பிறந்து பாக்கு நகரில் வளர்ந்தவர். சோவியத் கடற்படையின் காஸ்பியன் பிரிவில், கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலை அவருக்கு. கட்டுக்கட்டாகப் படித்தவர் ஒன்றைக் கவனித்தார். தொழில் வேறு வேறாக இருந்தாலும் சிக்கலின் உருவம் திரும்பத் திரும்ப அதேதான். நல்ல தீர்வின் உருவமும் அப்படித்தான். 1948ல் நண்பர் ரஃபேல் ஷப்பீரோவுடன் சேர்ந்து, நாட்டில் கண்டுபிடிப்புப் பணி சீர்கெட்டுக் கிடக்கிறது என்று ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார். 1950ல் கைது, 25 ஆண்டுத் தண்டனை, வடதுருவ வட்டத்துக்கு அப்பாலிருக்கும் வொர்குட்டா முகாம். ஸ்டாலின் இறந்த மறுவருடம், 1954ல் விடுதலையானார். 1956ல் இருவரும் எழுதிய முதல் கட்டுரை வந்தது, அதுவும் ஓர் உளவியல் இதழில்.

இந்த முறையைப் பற்றித் தேடினால் முதலில் உங்கள் கண்ணில் படுவது 40 உத்திகளும், 39 பண்புகளைக் கட்டம் கட்டிய ஒரு பெரிய அட்டவணையும்தான். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். அதை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் கேள்விக்கு எழுதிவிட்டால் அதோடு அது செத்துப்போகும். அட்டவணை பிறகு உதவும், சில சமயம் நன்றாகவே உதவும். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி மிக எளிது. ஒரே பொருள் இப்படியும் இருக்க வேண்டும், அதற்கு நேரெதிராகவும் இருக்க வேண்டும் என்கிறதா? அப்படியானால் இரண்டும் ஒரே நேரத்திலா வேண்டும்? ஒரே இடத்திலா? ஒரே நிலைமையிலா? முழுப் பொருளுக்குமா, அதன் ஒரு துண்டுக்கா? ஏதாவது ஒன்றுக்கு "இல்லை" என்ற பதில் வந்துவிட்டால், விரல் நுழைய இடைவெளி கிடைத்துவிட்டது.

சேர்ப்பு வேலை முழுக்கவே இந்த முரண் மேல்தான் நிற்கிறது. பிரியக் கூடாது, பிரிக்கவும் வேண்டும். அசையக் கூடாது, அசைய இடமும் வேண்டும்.

நம் கடற்கரையில் இதற்கு விடை பெயரிலேயே இருக்கிறது. கட்டுமரம் என்பது கயிற்றால் கட்டிய மரம். கடலில் இருக்கும் நேரம் அது ஒரே கலம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள், ஊறிய மரம் கனக்கும் என்பதால். சேர்ந்திருக்க வேண்டிய நேரமும் பிரிந்திருக்க வேண்டிய நேரமும் வேறு என்று அறிந்து கட்டிய சேர்ப்பு அது. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் சுமந்த மசூலாப் படகுகளில் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை தூக்கித் தரையில் அடிக்கும்போது ஆணி அடித்த பலகை பிளக்கும்; தைத்த பலகை நெளிந்து கொடுக்கும்.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதை உங்களில் எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? பட்டையின் உள்சுற்று, மரவட்டையின் வெளிச்சுற்றைவிடச் சற்றே சிறியது. குளிர்ந்த நிலையில் ஏறவே ஏறாது. வறட்டியை அடுக்கிப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, குறட்டால் தூக்கி, வட்டை மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மீட்டர் சுற்றளவுள்ள பட்டை, சூடு 500 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளும். குளிர்ந்ததும் அந்த 24 மில்லிமீட்டரும் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. வட்டை, ஆரக்கால், குடம் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கி இறுகுகின்றன. ஏறும்போது பெரியது, ஏறிய பிறகு சிறியது.

இதையே தலைகீழாகச் செய்ததுதான் அமெரிக்காவின் எஃப்-14 போர் விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களில் போட்ட இணைப்பு வளையம். நிக்கலும் டைட்டானியமும் கலந்த, தன் பழைய உருவத்தை நினைவில் வைத்திருக்கும் உலோகம். திரவ நைட்ரஜனில் குளிர வைத்து வளையத்தை விரித்துக்கொள்வார்கள். குழாய் முனைகளில் மாட்டிவிட்டுக் கையை எடுத்தால், அறைச் சூட்டுக்கு வரும்போது தானாகச் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். வெல்டிங் டார்ச் நுழையாத சந்தில் வெல்டிங் இல்லாமலே சேர்ப்பு. நம் கொல்லருக்கு நெருப்பு, அவர்களுக்குக் குளிர்; கேட்ட கேள்வி ஒன்றே.

நகைப் பட்டறையில் இதே கேள்விக்கு வேறொரு பதில் இருக்கிறது. ஒரே நகையில் பத்து இடத்தில் பற்றவைக்க வேண்டும். பத்தாவதை ஊதும்போது முதலாவது உருகி விழக் கூடாது. ஆகவே முதல் பற்றுக்கு அதிகச் சூட்டில் உருகும் பொடி, அடுத்தடுத்த பற்றுகளுக்கு அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் பொடி. வெண்காரம் தடவி, ஊதுகுழலால் ஊதும் ஆசாரி, உருக வேண்டும் என்பதையும் உருகக் கூடாது என்பதையும் சூட்டின் அளவால் பிரித்துவிடுகிறார்.

இப்போது போல்ட்டுக்கு வருகிறேன். நம் வேலையில் மிகப் பெரும்பகுதி அதுதான். மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான்.

போல்ட் பிடிப்பது மரையால் என்று நினைக்கிறோம். உண்மையில் அது பிடிப்பது நீட்சியால். இறுக்கும்போது போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங் மாதிரி மிகச் சிறிதளவு நீள்கிறது. அது சுருங்கப் பார்க்கும் விசைதான் இரண்டு தட்டையும் நெருக்குகிறது. நீங்கள் ஸ்பேனரில் போடும் பலத்தில் ஏறக்குறையப் பாதி நட்டின் அடிப்பக்க உராய்விலும், நாற்பது சதவீதம் போல மரை உராய்விலும் போய்விடும். பத்து சதவீதம்தான் நீட்சியாக மிஞ்சும். துரு, பெயின்ட், எண்ணெய் எதனாலும் உராய்வு கொஞ்சம் மாறினாலும், ஸ்பேனரில் அதே பலம் போட்டு வேறு பிடிப்புதான் கிடைக்கும்.

1969ல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒரு சோதனை இயந்திரம் செய்து காட்டினார். தட்டுகள் போல்ட்டுக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் வழுக்கினால், மரையில் உராய்வின் பிடி அந்தக் கணத்தில் விட்டுப்போகிறது. நட்டு தானாகவே சுற்றிக் கழல்கிறது. நெடுக்காக இழுத்து அசைப்பதைவிட இந்தக் குறுக்கு அசைவுதான் கொடியது. அந்தச் சோதனையில் ஸ்பிரிங் வாஷர் வைத்தால் பெரிதாக ஒன்றும் பயனில்லை என்பது பலமுறை காணப்பட்டிருக்கிறது. நம் ஸ்டோர்களில் இன்றைக்கும் கிலோக் கணக்கில் ஸ்பிரிங் வாஷர் வாங்கி வைத்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

என் மோட்டாரை இந்தக் கண்ணோடு பாருங்கள். நான் போல்ட்டைத் தடியாக்கினேன். அது சரியான திசைக்கு நேரெதிர். மோட்டார்க் காலும் பேஸ் பிளேட்டும் சேர்ந்து 20 எம்.எம். கனம். நல்ல ஸ்டீல் போல்ட்டைச் சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் அளவில் இறுக்கினால், ஆயிரத்தில் இரண்டு பங்கு நீளும், 20 எம்.எம். நீளத்துக்கு அது 0.04 எம்.எம். மட்டுமே. நடுவிலிருக்கும் பெயின்ட்டும் பிசிறும் நாளாக ஆக நசுங்கி 0.02 எம்.எம். அமுங்கினால் பிடிப்பில் பாதி போய்விட்டது. யாரும் தொடாமலே, நட்டு ஒரு சுற்றுகூடச் சுற்றாமலே. பிடிப்பு குறைந்ததும் தட்டு வழுக்குகிறது. வழுக்கியதும் யுங்கர் சொன்னது நடக்கிறது. இப்போது அதே போல்ட்டை நீளமாக எடுத்து, நட்டுக்குக் கீழே 60 எம்.எம். நீளத்தில் கனத்த குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்து இறுக்குங்கள். இறுகும் நீளம் 80 எம்.எம்.; நீட்சி 0.16 எம்.எம். அதே 0.02 அமுங்கினாலும் எட்டில் ஒரு பங்குதான் இழப்பு. தட்டும் குழாயும் அமுங்கும் அளவைச் சேர்க்காத தோராயக் கணக்கு இது என்றாலும் திசை சரியானது. தட்டிலிருக்கும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டால் இன்னும் நல்லது. ஸ்கிராப் மூலையில் கிடக்கும் குழாய்த் துண்டுதான் மருந்து. கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

இறுக வேண்டிய போல்ட் நீண்டு கொடுக்கவும் வேண்டும், விறைப்பான சேர்ப்புக்குள் நெகிழ்வு வேண்டும் என்ற வரியை எழுதியிருந்தால், 16 எம்.எம். போல்ட் பக்கம் என் கை போயிருக்காது.

குறுக்கு அசைவைத் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு. அங்கே ஆப்பு வாஷர் என்று ஜோடியாக வருவதைப் பாருங்கள். இரண்டு வாஷர்களின் உட்பக்கங்களில் சின்னச் சின்னச் சரிவுகள். அந்தச் சரிவின் கோணம் மரையின் சரிவைவிடச் சற்றே அதிகம். நட்டு கழலப் பார்த்தால் வாஷர்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போல்ட்டை மேலும் இழுக்கின்றன. கழலும் அசைவையே இறுக்கும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அல்ட்ஷுல்லரின் நாற்பது உத்திகளில் கெடுதலை நன்மையாக மாற்று என்று ஒன்று உண்டு. அதை இவ்வளவு சுத்தமாகக் காட்டும் வேறொரு சின்னப் பொருளை நான் கண்டதில்லை.

மரைக்குள் விடும் பூட்டுப் பசையும் இந்த வகைதான். 1950களில் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவம். மரைக்குள் காற்று அற்றுப்போய் உலோகம் தொட்டதும் கெட்டியாகிறது. பாட்டிலில் அது ஏன் உறைவதில்லை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டிலையே காட்டுவேன். காற்று உள்ளே போய்வரும் பிளாஸ்டிக், அதுவும் முழுக்க நிரப்பாமல். எங்கே திரவம், எங்கே திடம் என்பதைக் காற்றைக் கொண்டே பிரித்திருக்கிறார்கள். நன்றாகச் சூடுகாட்டினால் பிடி விட்டுவிடும்.

வெல்டிங் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களிடமும் வருகிறேன். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் அலையற்ற தண்ணீரில் கட்டுத்துறையில் நின்றபடியே பேரோசையோடு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்கள் 2,710. அவற்றிலும் பலவற்றில் விரிசல் கண்டது. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற அம்மையார் காரணத்தைக் கண்டு சொன்னார்: அந்த ஸ்டீல் குளிரில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடுகிறது. மேல்தளத் திறப்புகளின் சதுர மூலைகளில் பிறந்த விரிசல் ஏன் அவ்வளவு தூரம் ஓடியது? பழைய ரிவெட் கப்பலில் விரிசல் ஒரு தட்டின் விளிம்போடு நின்றுவிடும். வெல்டிங் செய்த கப்பல் முழுதும் ஒரே தட்டு. ஆகவே சரிசெய்தபோது மூலைகளை வளைவாக்கினார்கள். வெல்டிங் உடலிலேயே சில இடங்களில் ரிவெட் வைத்த பட்டைகளையும் வேண்டுமென்றே சேர்த்தார்கள், விரிசல் அங்கே வந்து நிற்கட்டும் என்று. கப்பல் ஒன்றாக இருக்க வேண்டும், விரிசலுக்கு மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. அதை இடத்தால் பிரித்துவிட்டார்கள்.

இன்னொன்று அலுமினியம். விமானத்துக்குப் போகும் வலுவான அலுமினியக் கலவைகள் பலவற்றை உருக்கி வெல்டிங் செய்தால் உறையும்போது விரிசல் விடும். எத்தனையோ ஃபில்லர் ராடு மாற்றிப் பார்த்த பிறகும் அந்தத் தொல்லை தீரவில்லை. 1991ல் கேம்பிரிட்ஜ் அருகே இருக்கும் வெல்டிங் ஆய்வு நிலையத்தில் வேய்ன் தாமஸும் அவர் குழுவினரும் உருக்குவதையே விட்டுவிட்டார்கள். சுழலும் கடினமான ஊசியைச் சேர்ப்புக் கோட்டில் இறக்கி நகர்த்தினால், உராய்வுச் சூட்டில் உலோகம் மாவு பிசைந்த மாதிரி இளகிக் கலக்கிறது. உருகுநிலையைத் தொடுவதே இல்லை. ராக்கெட் எரிபொருள் தொட்டிகள் பலவற்றை இன்று இப்படித்தான் சேர்க்கிறார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வந்த சிக்கல். கோட்டின் முடிவில் ஊசியைத் தூக்கினால் அங்கே ஒரு துளை மிஞ்சும். வட்டமான தொட்டியில் அந்தத் துளையை எங்கே கொண்டு ஒளிப்பது? ஊசி இருக்கவும் வேண்டும், இல்லாமலும் போக வேண்டும். நாசாவில் ஊசி தன்னைத் தாங்கும் தலைப்பகுதிக்குள் மெல்ல உள்வாங்கும் கருவியைச் செய்தார்கள். முடிவு நெருங்க நெருங்க ஊசி குட்டையாகி மறைகிறது. ஒரு முரணைத் தீர்த்தால் அடுத்த முரண் முளைக்கும். அப்போது பழைய வழிக்கு ஓடிவிடாமல், அதையும் ஒரு வரியாக எழுதுகிறவர்தான் மேலே போகிறார். திருச்சியில் பாய்லர் குழாய் வெல்டிங்கில் கை பழகிய அண்ணன் அக்காமார் உங்கள் ஊரில் இருந்தால், இந்த வரியை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் வேலையிலிருந்தே பத்து உதாரணம் தருவார்கள்.

வரைபடம் போடப் போகும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. செல்போன் ரிப்பேர் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பி எடுக்கும் பையனின் விரலைப் பாருங்கள். பேட்டரி வளைந்தால் தீப்பிடிக்கக்கூடும் என்று தெரிந்தேதான் நெம்புகிறான். ஒட்டியவர் அவனை நினைக்கவில்லை. நினைத்தால் வழி இல்லாமலா போகிறது? 2024ல் வந்த ஐபோன் 16ல் பேட்டரிப் பசைக்கு 9 வோல்ட் மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் கொடுத்தால் பிடி விட்டுவிடும்படி செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பொதுவாக வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம். சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சேர்ப்பை வரையும் அதே தாளில் பிரிப்பையும் வரையுங்கள்: எந்தக் கருவி, எத்தனை நிமிடம், எது உடையும், எது உடையாது.

பட்டறையில் இருப்பவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எது லூஸ் ஆனாலும், விட்டுப்போனாலும், துருப்பிடித்தாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் தேதி போட்டுத் தமிழில் ஒரு வரி எழுதுங்கள். "இது இறுகி இருக்க வேண்டும், ஏனென்றால்... இது இறுகி இருக்கக் கூடாது, ஏனென்றால்..." இரண்டு ஏனென்றாலும் நிரம்பாமல் வேலையைத் தொடாதீர்கள். இரண்டாவது ஏனென்றாலை உங்களுக்கு அடுத்த ஷிப்டில் வருகிறவரிடம் கேட்டுத்தான் பெரும்பாலும் நிரப்ப வேண்டியிருக்கும், கேளுங்கள். பிறகு எப்போது, எங்கே, எந்த நிலைமையில், முழுதுக்கா துண்டுக்கா. கடைசியாக, இந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே கையில் என்ன கிடக்கிறது என்று சுற்றிப் பாருங்கள். குழாய்த் துண்டு, சூடு, தண்ணீர், மோட்டாரின் சொந்த எடை, எதுவாகவும் இருக்கலாம்.

என் நோட்டில் இன்னும் தீராத வரி ஒன்று இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் ஓடும் ஒரு பம்ப். அதன் ஃபிளாஞ்சில் எட்டு போல்ட். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டும் கசியக் கூடாது. இரண்டு வருடம் உப்புக்காற்றில் நின்ற பிறகு இம்பெல்லர் மாற்ற எட்டும் சுலபமாகக் கழல வேண்டும். இப்போதைக்கு ஒவ்வொரு முறையும் நான்கைந்தாவது அறுத்துத்தான் எடுக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் போட்டுப் பார்த்தாயிற்று. நட்டும் போல்ட்டும் இறுகும்போதே கவ்விக்கொண்டு இரண்டு மரையும் சேர்ந்து பிய்ந்தன. கிரீஸ் கழுவிப் போகிறது. மரையின் உள்ளே உப்பு போகவே கூடாத நேரம் எது, போனாலும் பரவாயில்லாத நேரம் எது என்ற இடத்தில் நிற்கிறேன். உங்களில் யாருக்காவது அடுத்த வரி தோன்றினால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இம்பெல்லர் மாற்றும் வேலை சித்திரையில் வருகிறது.

அன்புடன்,
உங்கள் பழைய ஃபிட்டர் அண்ணன்